பழக்கமும் மனமும்
(நடத்தை உளவியலின் தத்துவ அடிப்படை பற்றி ஒரு சிறு ஆய்வு)

பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு

முன்னுரை

வீட்டிலும் பள்ளியிலும் நம் காதில் அடிக்கடி விழும் கேள்வி ஒன்று உண்டு. “ஏன் இப்படிச் செய்தாய்?” என்பதே அது. பால் பொங்கி வழிந்தாலும் இக்கேள்வி வரும். வீட்டுக் கணக்கு முடியாமற் போனாலும் இக்கேள்வி வரும். நாம் விழித்துக்கொண்டு நிற்போம். கேட்டவர்களே பதிலையும் சொல்லிவிடுவார்கள். “கவனம் இல்லை”, “சோம்பல்”, “பிடிவாதம்” என்பனவே அப்பதில்கள். இவை உண்மையிலேயே பதில்கள்தாமா? ஒருவர் ஒரு செயலைச் செய்வதற்குக் காரணம் அவர் மனத்தினுள் இருக்கிறதா, அன்றி அவரைச் சுற்றி வெளியே இருக்கிறதா?

இந்த வினாவை வைத்துத் தோன்றிய ஓர் அறிவுத்துறையே நடத்தை உளவியல். அது விஞ்ஞானமாக வளர்ந்ததெனினும் அதன் வேர்கள் தத்துவத்தில் இருக்கின்றன. அந்த வேர்கள் யாவை, அவற்றுள் நாம் ஏற்கத் தக்கது எது, ஏற்க இயலாதது எது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

தத்துவ வேர்கள்

பிரான்சு நாட்டில் பிறந்த ரெனே டெக்கார்ட் (1596–1650) என்னும் தத்துவ ஞானி, விலங்குகளின் உடல் ஒரு கடிகாரத்தைப் போன்ற இயந்திரமே என்று கருதினார். நெருப்பில் பட்ட கால் சட்டென்று பின்வாங்குவதற்குச் சிந்தனை தேவையில்லை. உடலின் அமைப்பே அதைச் செய்து விடுகிறது என்று விளக்கினார். ஆயினும் மனிதனுக்கு மட்டும் சிந்திக்கும் ஆன்மா உண்டு என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஒரு நூற்றாண்டு கழிந்தபின் லா மெத்ரி என்ற மருத்துவர் 1747-இல் ஒரு நூல் எழுதி, மனிதனும் ஓர் இயந்திரமே என்று வாதாடினார். அக்காலத்தில் அது பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் லாக் (1632–1704) வேறொரு வழியில் சிந்தித்தார். பிறக்கும்போது நம் மனம் எழுதப்படாத வெள்ளைத்தாளைப் போன்றது. அனுபவமே அதில் எழுதுகிறது என்றார் அவர். அவருக்குப் பின் வந்த ஸ்காட்லாந்து நாட்டு டேவிட் ஹியூம் (1711–1776) இன்னும் ஒரு படி சென்றார். ஒன்றை அடுத்து மற்றொன்று பலமுறை வரக் கண்டால், முதலாவதைக் கண்டவுடனே இரண்டாவதை எதிர்பார்க்கிறோம். இந்த எதிர்பார்ப்பு தருக்கத்தால் வருவதன்று, பழக்கத்தால் வருவது என்றார். மின்னலைக் கண்டதும் இடிக்காகக் காதைப் பொத்திக்கொள்ளும் குழந்தை தருக்க நூல் படித்தா அப்படிச் செய்கிறது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அகஸ்டு காம்ட் என்னும் பிரெஞ்சு அறிஞர், கண்டறியத்தக்க உண்மைகள் மட்டுமே அறிவு எனத் தகும் என்று போதித்தார். ஆக, உடல் இயந்திரம், மனம் வெள்ளைத்தாள், பழக்கமே ஆசான், காண்பதே சான்று என்னும் நான்கு கருத்துகள் சேர்ந்து அடித்தளம் ஆயின. அதன்மேல்தான் பிற்காலத்து உளவியலார் தம் கட்டடத்தை எழுப்பினர்.

உள்ளே நோக்கியவர்கள்

1879-இல் ஜெர்மனி நாட்டின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்பவர் உளவியலுக்கென ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அக்கால உளவியலார் பலர், ஒருவர் தம் மனத்தைத் தாமே உள்நோக்கி அங்கு நிகழ்வதைச் சொல்வதையே முக்கியமான சான்றாகக் கொண்டனர். ஆனால் இதில் ஒரு பெரிய இடர்ப்பாடு இருந்தது. ஒருவர் ‘என் சிந்தனையில் உருவங்கள் தோன்றுகின்றன’ என்பார். மற்றொருவர் ‘என் சிந்தனையில் உருவமே இல்லை’ என்பார். யார் கூறுவது சரியென்று தீர்ப்பளிப்பது எப்படி? ஒருவர் மனத்தை மற்றவர் எட்டிப்பார்க்க இயலாதே!

கணக்குப் போட்ட குதிரை

இதே காலத்தில் பெர்லின் நகரில் ஒரு குதிரை பெரும் புகழ் பெற்றிருந்தது. அதன் பெயர் ஹான்ஸ். ஓய்வு பெற்ற ஆசிரியரான வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் அதற்குக் கணிதம் கற்பித்திருந்தார். கேள்வி கேட்டால் அது குளம்பால் தரையைத் தட்டி விடை சொல்லும். 1904-இல் அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து, ஏமாற்று வேலை எதுவும் நடப்பதாகத் தெரியவில்லை என்று கூறியது. பின்னர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் பொறுமையாகப் பல சோதனைகள் செய்தார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரை தவறியது. கேட்பவரைக் காண முடியாதபடி மறைத்தபோதும் தவறியது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தம்மை அறியாமலே சிறிது அசைந்தது. குதிரை அந்த அசைவைக் கண்டு நிறுத்தியது. இவ்வளவே உண்மை! 1907-இல் இந்த ஆய்வு நூலாக வெளிவந்தது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வெளியே நிகழும் செயலைக் கூர்ந்து காணாமல், ‘உள்ளே அறிவு இருக்கிறது’ என்று அவசரமாக முடிவு கட்டலாகாது. நடத்தை உளவியலாரின் முதற்பாடமும் இதுவே.

பாவ்லோவும் வாட்சனும்

ரஷ்ய நாட்டு உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ் (1849–1936) ஒரு குருவானவரின் மகன். சீரணம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் நாய்களை ஆராய்ந்தபோது, உணவு வாய்க்கு வருமுன்னரே அவற்றின் வாயில் உமிழ்நீர் ஊறுவதைக் கவனித்தார். மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியை ஒலிக்கச் செய்து, உடனே உணவு கொடுத்து வந்தார். பலமுறை இவ்வாறு செய்தபின், உணவில்லாமல் ஒலி மட்டும் கேட்டாலும் உமிழ்நீர் சுரந்தது. ஒலியைத் தூண்டல் என்றும், உமிழ்நீர் சுரப்பதைத் துலங்கல் என்றும் பாட நூல்கள் கூறும். ஹியூம் எண்ணத்தால் கண்ட பழக்கத்தைப் பாவ்லோவ் சொட்டுச் சொட்டாக அளந்து காட்டினார் எனலாம்.

1913-இல் அமெரிக்கரான ஜான் வாட்சன் ஒரு கட்டுரை வெளியிட்டார். உளவியல் விஞ்ஞானமாக வேண்டுமானால் மனம், உணர்வு என்ற பேச்சை விட்டுவிட்டு, காணத்தக்க நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்று அதில் முழங்கினார். நலமான குழந்தைகள் ஒரு டஜன் பேரைத் தம்மிடம் விட்டால், அவர்களுள் எவரையும் தாம் விரும்பியபடி மருத்துவராகவோ, வழக்கறிஞராகவோ, திருடராகவோ கூட ஆக்கிக் காட்டுவேன் என்று பிற்காலத்தில் எழுதினார். தம்மிடம் உள்ள சான்றுகளை மிஞ்சிப் பேசுவதாக அவரே அவ்விடத்தில் ஒப்புக்கொள்கிறார்!

அச்சம் வந்ததும் அச்சம் போனதும்

1920-இல் வாட்சனும் அவருடைய மாணவி ரோசலி ரேனரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஆல்பர்ட் என்று அவர்கள் குறிப்பிட்ட குழந்தைக்கு அப்போது ஏறக்குறைய பதினொரு மாதம். அவன் வெள்ளெலியைக் கண்டு அஞ்சாதவன். அவன் எலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் ஓர் இரும்புத் தண்டை ஓங்கித் தட்டி ஓசை எழுப்பினர். சில நாட்களில் எலியைக் கண்டாலே குழந்தை அழுதது. முயலையும் உரோம ஆடையையும் கண்டுகூட அஞ்சியது. அந்த அச்சத்தைப் போக்காமலே சோதனை முடிந்துவிட்டது. படிக்கும்போதே நம் உள்ளம் கொதிக்கிறது. ஆய்வுக்கெனக் குழந்தையை இவ்வாறு அச்சுறுத்துவதை இன்றைய ஆராய்ச்சி நெறிகள் ஏற்பதில்லை.

இதற்கு மாற்று மருந்து போல் அமைந்தது மேரி கவர் ஜோன்ஸ் (1897–1987) என்ற பெண்மணியின் பணி. பீட்டர் என்னும் மூன்று வயதுகூட நிரம்பாத சிறுவன் முயலைக் கண்டால் நடுங்குவான். அவன் தனக்குப் பிடித்த உணவைச் சுவைத்துக்கொண்டிருக்கும்போது முயலைக் கூண்டோடு தொலைவில் வைத்தார். நாளடைவில் சிறிது சிறிதாக அருகில் கொண்டு வந்தார். அஞ்சாத பிள்ளைகளையும் உடன் விளையாட வைத்தார். முடிவில் பீட்டர் முயலைத் தடவிக் கொடுத்தான். 1924-இல் இவ்வாய்வு வெளிவந்தது. வந்த அச்சத்தைத் திருப்பி அனுப்பவும் கூடும் என்பதை அவர் மெய்ப்பித்தார். பிற்காலத்தில் அச்ச நோய்களுக்குத் தரப்பட்ட நடத்தைச் சிகிச்சைக்கு இது முன்னோடி ஆயிற்று. ஒரே தத்துவம் ஒருவர் கையில் குழந்தையை அழவைத்தது. மற்றொருவர் கையில் குழந்தையைச் சிரிக்க வைத்தது.

‘சோம்பேறி’ என்பது காரணமா?

நடத்தை உளவியலாருள் மிகப் புகழ் பெற்றவர் பி. எஃப். ஸ்கின்னர் (1904–1990). ஒரு செயலுக்குப் பின் நல்ல விளைவு வந்தால் அச்செயல் மீண்டும் நிகழும் என்பதைப் புறாக்களையும் எலிகளையும் கொண்டு விரிவாக ஆராய்ந்தவர் அவர். அவர் வாட்சனைப் போல உள்ளுணர்ச்சிகளை ஒதுக்கித் தள்ளவில்லை. உணர்ச்சிகள் உண்டு, ஆனால் அவை செயலுக்குக் காரணம் அல்ல என்பதே அவர் கொள்கை. உட்காரணம் என்று நாம் சொல்லும் பல சொற்கள் போலி விளக்கங்களே என்று அவர் எச்சரித்தார்.

இதை நம் பள்ளி வாழ்வில் வைத்துப் பார்ப்போம்.

“அவள் ஏன் படிக்கவில்லை?”

“அவள் சோம்பேறி, அதனால் படிக்கவில்லை.”

“அவள் சோம்பேறி என்று எப்படித் தெரியும்?”

“படிக்கவில்லையே, அதிலிருந்தே தெரியவில்லையா?”

செக்குமாடு சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருவது போல இப்பேச்சும் வருகிறது. ‘சோம்பேறி’ என்பது ‘படிக்கவில்லை’ என்பதற்கு இன்னொரு பெயரே அன்றிக் காரணம் அன்று. பெயரிட்டவுடன் காரணத்தைக் கண்டுவிட்டதாக எண்ணி நாம் தேடுவதை நிறுத்தி விடுகிறோம். அப்பெண்ணோ அந்தப் பெயரை ஆண்டுக்கணக்கில் சுமக்கிறாள்.

நடத்தை உளவியல் நம்மை வேறு கேள்விகள் கேட்கச் சொல்கிறது. அவள் மாலையில் எத்தனை மணிக்குப் புத்தகத்தை எடுக்க முடிகிறது? அதற்கு முன் தண்ணீர் சுமக்க வேண்டுமா, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமா? பின் வரிசையிலிருந்து கரும்பலகை அவளுக்குத் தெரிகிறதா? முன்பு ஒருநாள் அவள் எழுந்து விடை சொன்னபோது வகுப்பு முழுவதும் சிரித்ததா? இக்கேள்விகளுக்கு விடை உண்டு. விடை தெரிந்தால் மாற்ற வழியும் உண்டு.

ஸ்கின்னர் 1953-இல் தம் மகளின் கணித வகுப்பைப் பார்க்கச் சென்றார். பிள்ளைகள் கணக்குகளைச் செய்தனர்; ஆனால் தாம் செய்தது சரியா தவறா என்பதை உடனே அறிய அவர்களுக்கு வழியில்லை. முடித்தவர் சும்மா இருக்க, முடிக்காதவர் தவித்தனர். இதைக் கண்ட அவர், பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலும் உடனுக்குடன் விடையைக் காட்டும் கற்பிக்கும் கருவி ஒன்றை அமைத்தார். குறை மாணவியிடம் இல்லை, கற்பிக்கும் முறையில் இருக்கலாம் என்ற எண்ணமே அதன் அடிப்படை.

எங்கே குறைபடுகிறது?

இக்கொள்கைக்கு எதிரான சான்றுகளும் எழுந்தன. எட்வர்டு டோல்மனும் அவருடன் பணியாற்றிய ஹான்சிக்கும் 1930-இல் எலிகளைச் சுற்றுவழிப் பெட்டியில் விட்டனர். ஒரு பிரிவு எலிகளுக்குப் பத்து நாட்கள் உணவே வைக்கவில்லை. அவை வெறுமனே திரிந்தன. பதினோராம் நாள் உணவு வைத்ததும், விரைவில் அவை தினமும் உணவு பெற்ற எலிகளைப் போலவே வழி தவறாமல் ஓடின. பரிசு இல்லாதபோதும் அவை உள்ளுக்குள் வழியைக் கற்றிருந்தன! எலிக்கே உள்ளே ஒரு வரைபடம் உண்டெனில் மனிதனைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

1959-இல் மொழியியலறிஞர் நோம் சாம்ஸ்கி, ஸ்கின்னர் மொழி பற்றி எழுதிய நூலைக் கடுமையாக மறுத்தார். குழந்தை கேட்ட வாக்கியங்களை மட்டும் திருப்பிச் சொல்வதில்லை. இதுவரை எவரும் சொல்லாத வாக்கியத்தையும் தானே அமைக்கிறது. இதைத் தூண்டல், துலங்கல் என்னும் இரண்டால் மட்டும் விளக்க முடியாது என்றார்.

நமக்கு மிக நெருக்கமானது 1973-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவரும் மழலையர் பள்ளியில் படம் வரைய ஆசையுள்ள பிள்ளைகளை எடுத்துக்கொண்டனர். சிலரிடம் ‘வரைந்தால் நற்சான்றிதழ் கிடைக்கும்’ என்று முன்னரே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் வரைந்தபின் கொடுத்தார்கள். சிலருக்கு ஒன்றும் இல்லை. சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, முன்னரே பரிசு பேசப்பட்ட பிள்ளைகள் மற்றவர்களைப் போல் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தனர். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. விளையாட்டாய் இருந்தது கூலி வேலையாய் மாறிவிட்டது போலும்! பரிசே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. ஆண்டு விழாவில் மேடையேறிப் பரிசு வாங்க யாருக்குத்தான் ஆசையில்லை? ஆனால் பரிசுக்காக மட்டும் படித்தால் பரிசு நின்றவுடன் படிப்பும் நின்றுவிடும் என்பதை நாம் மறக்கலாகாது.

இலையும் காற்றும்

தத்துவ நோக்கில் பார்த்தால் நடத்தை உளவியலில் இரண்டு கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. ‘மனத்தை நேரே காண முடியாது, ஆகவே செயலைக் கூர்ந்து கவனிப்போம்’ என்பது முதலாவது. இது ஆராய்ச்சி முறை. ‘ஆகவே மனம் என்பது தேவையில்லாத சொல், வெளிச்சூழலே யாவற்றுக்கும் காரணம்’ என்பது இரண்டாவது. இது ஒரு கொள்கை. முதலாவதை ஏற்றால் இரண்டாவதையும் ஏற்றே தீரவேண்டும் என்பதில்லை. காற்றை எவரும் கண்ணால் கண்டதில்லை. இலை அசைவதைக் கொண்டே அறிகிறோம். ‘இலையின் அசைவை மட்டும் குறித்துக் கொள்வேன்’ என்பவர் கவனமானவர். ‘காற்றே வேண்டாம், இலையே போதும்’ என்பவர் பாதியைத் தொலைத்தவர்.

1971-இல் வெளிவந்த நூலொன்றில் ஸ்கின்னர், மனித சுதந்திரம் என்ற எண்ணத்தையே கைவிட வேண்டும் என்று வாதாடினார். இங்கேதான் நாம் அவரோடு உடன்பட இயலவில்லை. இருவர் கீழே கிடந்த பணப்பையை எடுத்து அலுவலகத்தில் ஒப்படைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி யாரோ பார்த்துவிட்டார்கள் என்ற அச்சத்தால் கொடுக்கிறாள். மற்றவள் இழந்தவரின் துயரை எண்ணிக் கொடுக்கிறாள். வெளிச்செயல் ஒன்றே, ஆனால் இரண்டும் ஒன்றாகுமா? தண்டனைக்கு அஞ்சி வரும் வருத்தம் வேறு, இறையன்பால் வரும் உத்தம மனஸ்தாபம் வேறு என்று மறைக்கல்வியில் நாம் படித்திருப்பதும் இவ்வேறுபாட்டையே.

கிரேக்க ஞானி அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) இதைப் பழங்காலத்திலேயே தெளிவாக்கியுள்ளார். வீணை வாசித்தே வீணைக் கலைஞர் ஆவது போல, நீதியானவற்றைச் செய்து செய்தே நீதிமான் ஆகிறோம் என்றார். பழக்கத்தின் வலிமையை அவரும் ஒப்புக்கொண்டார். ஆயினும் அறிந்து செய்தல், அச்செயலுக்காகவே அதைத் தேர்ந்து செய்தல், உறுதியான மனநிலையில் நின்று செய்தல் என்னும் மூன்றும் சேர்ந்தாலன்றி அதை நற்குணச் செயல் என அவர் கொள்ளவில்லை. பழக்கம் நம்மை வாயில்வரை அழைத்துச் செல்லும். உள்ளே நுழைவது நம் விருப்பத்தால்.

முடிவுரை

ஆகவே நடத்தை உளவியலை முற்றிலும் தள்ளவும் வேண்டாம், முற்றிலும் தலைமேல் வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். பிறரைப் பற்றிப் பேசும்போது அதன் முறையைக் கைக்கொள்வோம். ‘சோம்பேறி’, ‘மக்கு’, ‘பிடிவாதக்காரி’ என்று தோழியருக்குப் பெயரிடாமல், அவர்களுக்கு எது தடையாய் நிற்கிறது என்று பார்ப்போம். தங்கைக்குப் பாடம் சொல்லும்போது சிறு படிகளாகச் சொல்லி, சரியாகச் செய்தவுடனே பாராட்டுவோம். நம்மைப் பற்றி எண்ணும்போதோ, ‘சூழ்நிலை அப்படி’ என்று சூழ்நிலையின் பின்னால் ஒளிந்துகொள்ளாமல், தேர்ந்தெடுக்கும் உரிமை நம்மிடமே இருக்கிறது என்பதை நினைவில் கொள்வோம். பிறரிடம் பொறுமை, நம்மிடம் பொறுப்பு என்னும் இவ்விரண்டையும் இவ்வாண்டு நம் பழக்கமாக்கிக் கொள்வோமாக!